பெட்-சிடி ரிப்போர்ட்டில் 'சுவாச அசைவு' என்று எழுதியிருந்தால் என்ன செய்வது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் பர்கூர் பக்கம். அப்பாவுக்கு 61 வயது, பல வருடம் கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை பார்த்தவர். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து நன்றாகத்தான் இருந்தார். அண்மையில் ரத்தப் பரிசோதனையில் சிஇஏ (இந்தப் புற்றுநோய் திரும்புகிறதா என்று கண்காணிக்கப் பார்க்கும் பொருள்) அளவு ஏறியிருந்ததால் பெங்களூரில் பெட்-சிடி எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் இப்படி வந்திருக்கிறது: வலது நுரையீரலின் அடிப்பகுதியில் சிறிய எஃப்டிஜி (ஊசியில் போட்ட கதிரியக்கச் சர்க்கரை) ஈர்ப்பு தெரிகிறது, சிடியில் அந்த இடத்தில் அதற்கு ஈடான கட்டி இல்லை, சுவாச அசைவால் இடம் மாறித் தெரியலாம், கல்லீரலின் மேல்பகுதியைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்புண்டு. 'இது மெஷின் கோளாறா, கொடுத்த காசு வீணா, திரும்ப எடுக்க வேண்டுமா' என்று கேட்கிறார். கடைசியாக இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: 'எங்கள் பக்கம் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பதே பெரிய பிரச்சினை, இந்த ஊசியிலும் ஃபுளோரின் என்கிறார்கள், பயப்பட வேண்டுமா?'

நேரடியான பதில் இதுதான். மெஷின் கோளாறு இல்லை. ஸ்கேன் வீணும் இல்லை. ரிப்போர்ட் எழுதிய டாக்டர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். தெரியாததைத் தெரிந்ததாக எழுதாமல் விட்டிருக்கிறார். ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு 'நுரையீரலுக்குப் பரவிவிட்டது' என்று வீட்டில் யாரும் முடிவு கட்டக்கூடாது. அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதை வேறு வழியில் உறுதி செய்த பிறகுதான் அடுத்த சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். அதற்கு முழு பெட்-சிடியை உடனே திரும்ப எடுக்க வேண்டும் என்பதில்லை.

நான் அணு மருத்துவத் துறையில் மருத்துவ இயற்பியல் வேலை செய்பவன், சொந்த ஊர் தர்மபுரி பக்கம். உங்கள் அப்பாவுக்குச் சிகிச்சை சொல்லும் இடத்தில் நான் இல்லை, அது உங்கள் புற்றுநோய் டாக்டரின் வேலை. ஆனால் அந்த வரி ஏன் வருகிறது, அதை எப்படிக் குறைக்கிறார்கள் என்பது என் தினசரி வேலை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம் புரிந்தால்தான் டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரியும்.

பெட்-சிடி என்பது ஒரே மேசையில் படுக்கவைத்து எடுக்கும் இரண்டு தனித்தனி ஸ்கேன். சிடி எக்ஸ்ரேயால் உடலின் அமைப்பைப் படம் பிடிக்கிறது: எலும்பு, நுரையீரல், கல்லீரல் எங்கெங்கே இருக்கின்றன என்று. பெட், ஊசி வழியாகப் போட்ட எஃப்டிஜி என்ற கதிரியக்கச் சர்க்கரையை எந்தத் திசு அதிகமாக உறிஞ்சுகிறது என்று காட்டுகிறது. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று போட்டால் 'இந்த இடத்தில் இந்தத் திசு சர்க்கரையை இழுக்கிறது' என்று சொல்ல முடியும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் டேவிட் டவுன்சென்டும் பொறியாளர் ரொனால்ட் நட்டும் சேர்ந்து உருவாக்கிய முதல் மாதிரி 1998-ல் வேலை செய்ய ஆரம்பித்தது. 2001 வாக்கில் மருத்துவமனைகளுக்கு விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு பெட் தனியாக எடுப்பது கிட்டத்தட்ட நின்றே போனது, அவ்வளவு பயன்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. இன்றைய சிடி நெஞ்சையும் வயிற்றையும் சில நொடிகளில் கடந்துவிடும். பெட்டுக்கு அப்படி முடியாது. உடலிலிருந்து வரும் கதிர்கள் குறைவு, ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து சேகரிக்க வேண்டும். முழு உடலுக்கு 15, 20 நிமிடம் ஆகும். நாம் சும்மா படுத்திருந்தாலும் நான்கைந்து நொடிக்கு ஒரு மூச்சு போய் வருகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் உதரவிதானம், அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கும், ஆழமாக இழுத்தால் அதைவிட நிறைய. அதோடு சேர்ந்து கல்லீரலும் மண்ணீரலும் நுரையீரலின் அடிப்பகுதியும் நகரும். ஆடிக்கொண்டிருக்கும் தூளியை ஒரு முறை ஃபிளாஷ் போட்டும், இன்னொரு முறை மூன்று நிமிடம் லென்ஸைத் திறந்து வைத்தும் படம் எடுத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் சிடியும் பெட்டும். முதல் படத்தில் தூளி ஏதோ ஒரு பக்கம் கூர்மையாக நிற்கும். இரண்டாவதில் ஆடிய பாதை முழுவதும் மங்கலாகப் பரவியிருக்கும். இரண்டும் உண்மைதான், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று உட்காராது.

உங்கள் அப்பா விஷயத்தில் நடந்திருக்கக்கூடியது இதுதான். சிடி எடுத்த அந்த நொடிகளில் அவர் மூச்சை இழுத்திருப்பார். நுரையீரல் விரிந்து கல்லீரலின் மேல்முகட்டைக் கீழே தள்ளியிருக்கும். அடுத்து பெட் ஓடிய நிமிடங்களில் சாதாரணமாக மூச்சு விட்டிருப்பார். சாதாரண மூச்சில் காற்றை வெளியே விட்டு முடிந்த நிலையில்தான் உதரவிதானம் அதிக நேரம் தங்கும், அப்போது கல்லீரல் மேலே இருக்கும். ஆகவே பெட்டில் கல்லீரல் முகட்டிலுள்ள ஒரு ஒளிரும் புள்ளி, சிடியில் நுரையீரல் இருக்கும் இடத்தின் மேல் போய் விழும். படத்தைப் பார்ப்பவருக்கு நுரையீரலில் ஒளிர்வது போல் தெரியும், சிடியிலோ அங்கே ஒன்றும் இருக்காது. இந்தத் தொழில்நுட்பம் வந்த புதிதிலேயே இதைக் கவனித்துவிட்டார்கள். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் 300 நோயாளிகளில் 6 பேருக்கு இப்படிப் புண்ணின் இடம் தவறாகக் காட்டப்பட்டது. கல்லீரல் முகட்டிலுள்ளது வலது நுரையீரலின் அடியில் தெரிவதுதான் அதில் முக்கியமான வகை. நூற்றுக்கு இரண்டு என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம், அந்த இரண்டு பேருக்கு அது சிறியதல்ல.

இடம் மாறுவது மட்டும் என்றால் அனுபவமுள்ள கண் பிடித்துவிடும். இரண்டாவது பாதிப்பு இன்னும் நுட்பமானது, பலருக்குத் தெரியாதது. பெட்டில் பதிவாகும் கதிர்கள் ஜோடி ஜோடியாக எதிர் எதிர்த் திசையில் கிளம்புகின்றன, ஒவ்வொன்றுக்கும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். ஜோடியில் இரண்டும் வெளியே வந்து டிடெக்டரைத் தொட்டால்தான் கணக்கு. வழியில் உடலே நிறைய விழுங்கிவிடும். தண்ணீர் அடர்த்தியுள்ள 35 சென்டிமீட்டர் தடிமனைக் கடந்து இரண்டும் நேராக வெளிவருவது நூற்றுக்கு மூன்று நான்கு ஜோடிதான். ஆகவே கம்ப்யூட்டர் இழந்ததை ஈடுகட்டிக் கணக்குப் போட வேண்டும். எங்கே எவ்வளவு இழப்பு என்பதற்கான வரைபடம் சிடியிலிருந்துதான் வருகிறது. நுரையீரல் என்றால் காற்று நிறைந்தது, குறைவாக விழுங்கும், கொஞ்சம் ஈடுகட்டினால் போதும். கல்லீரல் என்றால் கெட்டியானது, அதிகமாக ஈடுகட்ட வேண்டும்.

சிடி எடுக்கும்போது கல்லீரல் முகடு கீழே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் 'இங்கே நுரையீரல்' என்று வரைபடம் சொல்லும். பெட்டில் அங்கே கல்லீரல் இருக்கும். கம்ப்யூட்டர் வரைபடத்தை நம்பிக் குறைவாக ஈடுகட்டும். விளைவு, கல்லீரலின் மேல் ஓரத்தில் வாழைப்பழ வடிவத்தில் வளைந்த ஒரு வெளிறிய பட்டை விழும். எங்கள் துறையில் அதற்கு 'பனானா' என்றே பெயர். அந்தப் பட்டைக்குள் ஒரு சின்னக் கட்டி இருந்தால் அதன் ஒளிர்வும் குறைந்து தெரியும், சில சமயம் தெரியாமலே போகும். அதாவது மூச்சு புள்ளியின் இடத்தையும் மாற்றுகிறது, அதன் பலத்தையும் குறைக்கிறது.

சிடியின் வேகத்தோடு சேர்ந்து வந்த சிக்கல் இது. பெட்-சிடி வருவதற்கு முன்பு, ஜெர்மேனியம்-68 என்ற கதிரியக்கப் பொருள் வைத்த கம்பிகளை உடலைச் சுற்றிச் சுழலவிட்டு இழப்பு வரைபடத்தை எடுப்பார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பல நிமிடம் ஆகும், படமும் சொரசொரப்பாக இருக்கும். ஆனால் பெட் எப்படிப் பல மூச்சுகளின் சராசரியோ அதேபோல அந்த வரைபடமும் பல மூச்சுகளின் சராசரி. இரண்டும் ஒரே மாதிரி மங்கலாக இருந்ததால் பொருத்தம் பெரிதாகக் கெடவில்லை. சிடி வந்ததும் வேகமும் தெளிவும் கிடைத்தன, மூச்சுப் பொருத்தம் போனது. அதைத் திரும்பப் பெறுவதற்கான முயற்சிதான் இன்றைக்கு இருக்கும் அத்தனை திருத்த முறைகளும்.

திருத்த முறைகளில் எதை முதலில் சொல்வேன் என்றால், சிடிக்கு முன்னால் நோயாளியிடம் அவர் மொழியில் ஒரு நிமிடம் பேசுவதைத்தான். இதை நான் மிகவும் அழுத்திச் சொல்வேன். நம் ஆட்களுக்குச் சின்ன வயதிலிருந்தே எக்ஸ்ரே அறையில் கேட்ட ஒரே கட்டளை 'மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க' என்பதுதான். அதனால் மேசை நகர ஆரம்பித்ததுமே யாரும் சொல்லாமலே நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். பெட்-சிடிக்கு வேண்டியது நேர் எதிர். சிடி ஓடும்போது மேலோட்டமாக, சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும். அல்லது டெக்னீஷியன் சொன்னால், காற்றைப் பாதி விட்ட நிலையில் சில நொடி நிறுத்த வேண்டும். எந்த முறை என்பது சென்டருக்குச் சென்டர் மாறும். ஆழமாக இழுத்துப் பிடிப்பது மட்டும், தனியாகக் கேட்டாலொழிய, வேண்டாம். கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆட்கள் ஓசூர் தாண்டிப் பெங்களூர் போய் எடுக்கும்போது மெஷினில் பதிவு செய்த குரல் கன்னடத்திலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ வரும். கிராமத்துப் பெரியவர் அதைக் கேட்டு, ஏதோ சொல்கிறார்கள் என்று பயந்து, இழுத்துப் பிடித்துவிடுவார். அங்கே வேலை செய்பவர்களில் தமிழ் தெரிந்தவர் பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். ஊசி போடும் முன்பே 'மூச்சு விஷயத்தைத் தமிழில் சொல்லுங்க' என்று கேட்டுக்கொள்வதில் தப்பே இல்லை. லட்சக்கணக்கில் போடும் மென்பொருளைவிட இந்த ஒரு நிமிடம் பல நோயாளிகளுக்கு அதிகம் உதவும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு மேல் வருவது கேட்டிங் என்கிற முறை. நோயாளியின் மூச்சைத் தொடர்ந்து பதிவு செய்து, பெட் தரவை மூச்சின் நிலைக்கு ஏற்பப் பல பங்காகப் பிரிப்பது. மூச்சைப் பதிவு செய்ய, வயிற்றின் மேல் ஒரு சிறிய பெட்டியை வைத்து அதன் அசைவை அகச்சிவப்புக் கேமராவால் பார்க்கிறார்கள். வேரியன் நிறுவனத்தின் ஆர்பிஎம் அப்படிப்பட்டது. அழுத்தத்தை உணரும் பெல்ட்டை வயிற்றில் கட்டுவதும் உண்டு, அன்சாய் பெல்ட் என்பார்கள். இதற்கு விலை ஒன்று உண்டு. மூன்று நிமிடத் தரவை ஆறு பங்காகப் பிரித்தால் ஒவ்வொரு பங்குக்கும் அரை நிமிடத் தரவுதான். அசைவு நின்றிருக்கும், ஆனால் படம் புள்ளி புள்ளியாக, சொரசொரப்பாக வரும். அதனால் நெஞ்சு, மேல்வயிறு ஆகிய பகுதிகளில் மட்டும் ஸ்கேன் நேரத்தைக் கூட்டுகிறார்கள். இன்னொரு நடைமுறை வழி, மூச்சை விட்டு முடித்த அமைதியான பகுதியில் கிடைத்த தரவை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ஒதுக்குவது. பாதித் தரவை ஒதுக்கினால் அதே தரத்துக்கு இரண்டு மடங்கு நேரம் வேண்டும், கணக்கு அவ்வளவுதான்.

பிரிப்பதிலும் இரண்டு வகை இருக்கிறது, உங்கள் அப்பாவுக்கு இது பொருந்தும் என்பதால் சொல்கிறேன். ஒரு மூச்சின் தொடக்கம் முதல் முடிவு வரையான நேரத்தைச் சம பங்காக வெட்டுவது ஒன்று. வயிறு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்ற அளவை வைத்துப் பிரிப்பது இன்னொன்று. மூச்சு ஒழுங்காக இருப்பவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கல்தூசியில் பல வருடம் வேலை பார்த்தவர்கள் நடுவில் இருமுவார்கள், ஒரு பெருமூச்சு விடுவார்கள், அப்புறம் வேகமாக நான்கு சின்ன மூச்சு வரும். அவர்களுக்கு நேரத்தை வைத்துப் பிரித்தால் வெவ்வேறு உயரத்தில் இருந்த கல்லீரல்கள் ஒரே பங்கில் கலந்துவிடும். உயர அளவை வைத்துப் பிரிப்பதுதான் அவர்களுக்கு நல்லது. எப்படிப் பிரித்தாலும் இருபது நிமிடம் படுத்திருப்பவர் மெல்லத் தளர்ந்துகொண்டே போவார், மூச்சின் அடிநிலையே கொஞ்சம் கொஞ்சமாக நகரும். அதையும் கவனிக்க வேண்டும்.

கேமராவும் பெல்ட்டும் கட்டுவதற்கு நேரம் ஆகிறது என்று பல இடங்களில் அவற்றை விட்டுவிட்டார்கள். அதனால் வந்ததுதான் பெட் தரவிலிருந்தே மூச்சைக் கண்டுபிடிக்கும் வழி. பெட் மெஷின் ஒவ்வொரு கதிர்ஜோடியையும் வந்த நேரத்தோடு வரிசையாக எழுதி வைக்கிறது. அரை நொடிக்கு ஒரு முறை அந்த வரிசையைத் துண்டு துண்டாக எடுத்துப் பார்த்தால், கல்லீரல் மேலும் கீழும் போவது எண்களில் ஓர் அலையாகத் தெரியும். அந்த அலையே மூச்சு. நோயாளி மேல் எதையும் கட்ட வேண்டாம், டெக்னீஷியனுக்கும் கூடுதல் வேலை இல்லை. ஜிஇயின் மோஷன்ஃப்ரீ, சீமென்ஸின் ஆன்கோஃப்ரீஸ் ஏஐ போன்றவை இந்த வழியில் செல்பவை. எனக்கு இந்த வழி மீது நம்பிக்கை அதிகம். காரணம், வயிற்றின் தோல் எவ்வளவு ஏறுகிறது என்பதை விட்டுவிட்டு உள்ளே உள்ள உறுப்பே எப்படி நகர்கிறது என்பதை இது பார்க்கிறது. இரண்டும் எப்போதும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

பிரித்த பங்குகளை வீணாக்காமல் பயன்படுத்துவது அடுத்த படி. ஒவ்வொரு பங்கிலும் கல்லீரல் எவ்வளவு நகர்ந்து எப்படி உருமாறியிருக்கிறது என்று கணக்கிட்டு, எல்லாவற்றையும் ஒரே நிலைக்கு வளைத்துக் கொண்டுவந்து கூட்டுவார்கள். அப்போது முழு மூன்று நிமிடத் தரவும் கிடைக்கும், அசைவின் மங்கலும் குறையும். கணக்கு சரியாக இருந்தால் இதுதான் சிறந்த வழி. கணக்கில் பிசகினால் இல்லாத வடிவத்தை உண்டாக்கிவிடும் என்பதால், திருத்தாத படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நல்ல பழக்கம்.

இதில் பலர் மறந்துவிடுவது சிடியை. பெட்டை எவ்வளவு அழகாகப் பிரித்தாலும், இழப்பு வரைபடம் ஆழ்மூச்சில் எடுத்த அதே சிடியாக இருந்தால் அந்த வாழைப்பழப் பட்டை போகாது. அதனால் சில இடங்களில் உதரவிதானப் பகுதிக்கு மட்டும் குறைந்த கதிர்வீச்சில், ஒரு முழு மூச்சு முடியும்வரை ஒரே இடத்தில் தொடர்ந்து சிடி எடுத்து அவற்றின் சராசரியைப் பயன்படுத்துகிறார்கள். பழைய ஜெர்மேனியம் கம்பி தந்த அதே பொருத்தம், புதிய வழியில். கதிர்வீச்சு கொஞ்சம் கூடும், அதனால் எல்லோருக்கும் செய்வதில்லை. கதிர்சிகிச்சைத் திட்டமிடலில் நான்கு பரிமாண சிடி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் இதே குடும்பம்தான், கட்டி மூச்சோடு எவ்வளவு தூரம் போய் வருகிறது என்று பார்த்து அந்தப் பாதை முழுவதையும் கதிருக்குள் கொண்டுவருவதற்காக. பெட்-எம்ஆர்ஐ கருவியில் பெட் ஓடும்போதே எம்ஆர்ஐ உதரவிதானத்தின் அசைவைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும், கூடுதல் கதிர்வீச்சும் இல்லை. ஆனால் அது மிகச் சில இடங்களில்தான் உண்டு.

சரி, இப்போது உங்கள் அப்பாவுக்கு வருவோம். கேட்டிங் வசதியுள்ள சென்டரைத் தேடி அலைய வேண்டாம். ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்கைக் கையோடு எடுத்துப்போய், ரிப்போர்ட் எழுதிய அணு மருத்துவ டாக்டரிடமோ வேறொருவரிடமோ 'நான்-ஏசி படத்தில் இந்தப் புள்ளி எங்கே இருக்கிறது' என்று கேளுங்கள். நான்-ஏசி என்றால் சிடி வரைபடத்தால் திருத்தாத மூலப் பெட் படம். கல்லீரல் இயல்பாகவே கொஞ்சம் எஃப்டிஜியை உறிஞ்சும், ஆகவே பெட்டிலேயே அதன் ஓரம் தெரியும். அந்தப் புள்ளி பெட் காட்டும் கல்லீரல் ஓரத்துக்கு உள்ளே இருந்தால் அது கல்லீரலைச் சேர்ந்தது என்பதற்கு நல்ல சான்று. ஓரத்துக்கு வெளியே தெளிவாக விலகியிருந்தால் நுரையீரலை யோசிக்க வேண்டும். இதற்குப் புது ஊசியோ புதுச் செலவோ இல்லை, தரவு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. கொஞ்ச நாள் போனால் சில சென்டர்களில் மூலத் தரவை அழித்துவிடுவார்கள் என்பதால் சீக்கிரம் கேட்பது நல்லது.

அடுத்தது நெஞ்சு சிடி, ஆழ்மூச்சில் பிடித்து எடுப்பது. இங்கே எக்ஸ்ரே பழக்கம் உதவும். நுரையீரல் விரிந்திருந்தால் அடிப்பகுதியில் சிறிய கட்டி இருந்தாலும் தெரியும். இதற்குப் பெங்களூர் வரை போக வேண்டியதில்லை, கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ எடுக்கலாம். நுரையீரல் சுத்தமாக இருந்தால் கல்லீரலுக்கு மருந்து செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐ. சின்னக் கல்லீரல் கட்டிகளைக் காண்பதில் அது பெட்-சிடியைவிடக் கூர்மையானது. எந்த வரிசையில் எடுப்பது என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்வார். சிஇஏ ஏறியிருப்பதால் அவர் தள்ளிப்போட மாட்டார், நீங்களும் தள்ளிப்போட வேண்டாம்.

ஸ்கேன் எடுத்த அன்றே இந்தச் சந்தேகம் எழுந்திருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் மூச்சு சொல்லிக்கொடுத்து இன்னொரு முறை பெட்டும் சிடியும் எடுத்திருக்கலாம், பத்து நிமிட வேலை. எஃப்டிஜியிலுள்ள கதிரியக்க ஃபுளோரின்-18 இன் அரை ஆயுள், அதாவது கதிர் பாதியாகக் குறையும் நேரம், 110 நிமிடம். காலையில் ஊசி போட்டால் மதியம் வரை போதுமான கதிர் இருக்கும், மறுநாள் ஒன்றும் மிஞ்சாது. நோயாளியை அனுப்பும் முன் கல்லீரல் முகட்டை ஒரு முறை பார்த்துவிடும் சென்டர்கள் இதைச் செய்கின்றன. எல்லா இடத்திலும் இது வழக்கமாக வேண்டும் என்பது என் ஆசை, ஏனென்றால் வெளியூரிலிருந்து வந்தவருக்கு இன்னொரு நாள் என்பது இன்னொரு பயணம், இன்னொரு ஊசி, இன்னொரு நாள் கூலி இழப்பு.

ஏன் இடம் இவ்வளவு முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். பெருங்குடலின் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது, அதனால் இந்த நோய் பரவினால் கல்லீரலில் வருவது சகஜம். அங்கே ஒன்றிரண்டு கட்டி மட்டும் என்றால் ஆபரேஷனில் அகற்றவோ ஊசி வழியாகச் சுட்டு அழிக்கவோ வழி உண்டு, அப்படிக் குணமானவர்களும் இருக்கிறார்கள். கல்லீரல் ஓர் உறுப்பு மட்டுமா, நுரையீரலும் சேர்ந்து இரண்டா என்பதில் நோயின் நிலையே வேறாகக் கணக்காகும், சிகிச்சைத் திட்டமும் மாறலாம். இரண்டு சென்டிமீட்டர் மூச்சு அசைவு அந்த முடிவைத் தீர்மானிக்க விடக்கூடாது.

அப்பாவின் கிரானைட் வேலையைப் பற்றி ஸ்கேன் படிவத்தில் எழுதினீர்களா என்று கேள்வியில் இல்லை. எழுதாவிட்டால் இப்போதாவது சொல்லுங்கள். சிலிக்கா தூசி படிந்த நுரையீரலிலும் நெஞ்சு நடுவிலுள்ள நெறிக்கட்டிகளிலும் புற்றுநோய் இல்லாமலே எஃப்டிஜி ஈர்ப்பு வரும். பர்கூர், ஜெகதேவி பக்கத்து ஆட்களின் தொழில் தெரியாத டாக்டர் அதைப் புற்றுநோய் பரவியதாக நினைத்துவிட வாய்ப்புண்டு. 'என்ன வேலை' என்ற கட்டத்தில் 'கூலி' என்று மட்டும் எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள்.

இனி அடுத்தடுத்து ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ரிப்போர்ட்டில் எஸ்யுவி என்று ஓர் எண் இருக்கும், ஈர்ப்பின் பலம். மூச்சில் ஆடும் சின்னக் கட்டியின் ஒளி பரவிப்போவதால் அந்த எண் உள்ளதைவிடக் குறைவாக வரும், கட்டி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அடுத்த முறை கேட்டிங் போட்டு எடுத்தால் அதே கட்டியின் எண் ஏறும். நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் அழ வேண்டியதில்லை, முறை மாறியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். முடிந்தவரை அதே சென்டர், அதே மெஷின், அதே முறை, ஊசிக்கும் ஸ்கேனுக்கும் இடையே அதே ஒரு மணி நேரம்.

ஃபுளோரின் பயம் எனக்குப் புரிகிறது. பல் கறை படிந்த, முழங்கால் வளைந்த ஆட்களைப் பார்த்து வளர்ந்த மாவட்டம் இது. ஒகேனக்கல் தண்ணீர் வரும்வரை ஆழ்துளைக் கிணற்றை விட்டால் வழியில்லாமல் இருந்த ஊர்கள் எத்தனையோ. ஆனால் ஊசியிலுள்ளது அதுவல்ல. குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக்கூடாது என்பது விதி. எஃப்டிஜி ஊசியிலுள்ள கதிரியக்க ஃபுளோரினின் எடை ஒரு மில்லிகிராமில் லட்சத்தில் ஒரு பங்குகூட வராது. அதுவும் சர்க்கரையோடு பிணைந்திருக்கும், சில மணி நேரத்தில் சிதைந்து சாதாரண ஆக்சிஜனாக மாறிவிடும். எலும்பில் போய்ச் சேர்ந்து பல வருடம் தங்கும் ஃபுளோரைடோடு இதற்குச் சம்பந்தமில்லை. ஆனால் அப்பாவுக்கு ஏற்கெனவே ஃபுளோரைடு பாதிப்பு இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த எலும்புகள் சிடியில் வழக்கத்தைவிட வெள்ளையாக, கெட்டியாகத் தெரியும். வெளியூர் டாக்டர் எலும்பில் பரவியிருக்கிறதோ என்று சந்தேகப்படக்கூடும்.

மறுபடியும் பெட்-சிடி எடுக்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொன்னால், வீட்டிலேயே நான்கைந்து நாள் பழகச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்து, இருபது நிமிடம் பேசாமல், மேலோட்டமாகச் சீராக மூச்சு விட வேண்டும். கை மேலே இருக்கும்போது தோள் வலித்தால் மூச்சு மாறும், அதனால் தலையணை வைத்துக்கொள்ளலாமா என்று அங்கே கேட்கலாம். சளி, இருமல் இருந்தால் அது அடங்கிய பிறகு நாள் குறிக்கலாம், டாக்டர் அவசரம் என்று சொல்லாத வரை. சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது, எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது என்பதெல்லாம் அவர்கள் சொல்வதுபோலச் செய்யுங்கள், பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மணி நேரம்; தண்ணீர் குடிக்கலாம். பழைய ஸ்கேன் டிஸ்க்கையும் கொண்டுபோங்கள். மேசையில் ஏறும் முன் அப்பாவே டெக்னீஷியனிடம் கேட்கட்டும்: 'சிடி ஓடும்போது நான் மூச்சை எப்படி விடணும்?'